தீர்ப்புகள் யார் பெயரில் கிடக்கின்றன? இணையத் தரவுத்தளங்களில் வன்கொடுமை வழக்குகளைத் தேடும் முறை

மதுரை வில்லாபுரத்தில் 1997 ஏப்ரல் 23 அன்று மாமன்ற உறுப்பினர் லீலாவதி வெட்டிக் கொல்லப்பட்டார். மக்களுக்குக் குடிநீர் கேட்டுப் போராடியதுதான் அவர் செய்த குற்றம். அறுபத்தெட்டு நாள்கள் கழித்து, ஜூன் 30 அன்று, அதே மாவட்டத்தின் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டனர். தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியில் ஒரு தலித் தலைவராக அமர்ந்ததே அங்கே குற்றமாயிற்று. இருவரும் 1996-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்கள். மதுரையில் யாரைக் கேட்டாலும் முதல் வழக்கை 'லீலாவதி கொலை' என்பார்கள், இரண்டாவதை 'மேலவளவு' என்பார்கள். அந்தப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத் தரவுத்தளங்களின் தலைப்புப் பட்டியலைப் புரட்டுகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

மேலவளவு வழக்கில் 2009 அக்டோபர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த இறுதித் தீர்ப்பின் தலைப்பு, 'அழகர்சாமி மற்றும் பிறர் எதிர் மாநிலம்' என்பதாகும். கொல்லப்பட்டவரின் பெயர் அதில் இல்லை. ஊரின் பெயரும் இல்லை. தண்டிக்கப்பட்டு மேல்முறையீடு செய்தவரின் பெயரே அதன் தலைப்பு. இதில் சூழ்ச்சி ஏதுமில்லை, நடைமுறை அப்படி. குற்ற வழக்கை நடத்துவது அரசு. தண்டனை கிடைத்தால் குற்றவாளி மேல்முறையீடு செய்வார்; அவர் பெயர் முதலில் வரும். விடுதலை கிடைத்து அரசு மேல்முறையீடு செய்தால் 'மாநிலம் எதிர் இன்னார்' என்று வரும், அந்த இன்னாரும் குற்றம் சாட்டப்பட்டவரே. பாதிக்கப்பட்டவர் தாமே மனுதாரராகவோ எதிர்மனுதாரராகவோ வழக்கில் இடம்பெற்றால் ஒழிய, தலைப்பில் அவருக்கு இடமில்லை. நம் நினைவு ஊரின் பெயராலும் இறந்தவர் பெயராலும் அடுக்கப்பட்டிருக்கிறது. நீதிமன்றத்தின் நினைவோ கொன்றவர் பெயரால் அடுக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் பாலம் போடுகிற கருவிகள்தாம் தேடல் குறிகள். அவற்றை வழக்கறிஞர்களுக்கு மட்டுமே உரியவை என்று விட்டுவிட வேண்டியதில்லை. மனு எழுதித் தருகிற தோழர், உண்மை அறியும் குழுவுக்குச் செல்கிற மாணவர், தன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்புகிற புகார்தாரர் என எவரும் அரை நாளில் கற்றுக்கொள்ளக்கூடியவை அவை.

பொதுமக்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய தீர்ப்புத் தளங்களுள் மிகுதியாகப் புழங்குவது 2008-இல் தொடங்கப்பட்ட 'இந்தியன் கானூன்'. உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தீர்ப்புத் தொகுப்பு 'இ-எஸ்சிஆர்' என்ற பெயரில் 2023 ஜனவரி முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மாவட்ட, சிறப்பு நீதிமன்றங்களுக்கு 'இ-கோர்ட்ஸ்' தளம் இருக்கிறது. முதலாவதில் தேடக் கற்றுக்கொண்டால் மற்றவற்றின் போக்கு தானே பிடிபடும் என்பதால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

இரட்டை மேற்கோளும் மூன்று குறிச்சொற்களும்

சொற்களை வெறுமனே தட்டினால், அந்தச் சொற்கள் தீர்ப்பில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும் அந்தத் தீர்ப்பு வந்து நிற்கும். 'பொது', 'பார்வை' என்பவற்றின் ஆங்கிலச் சொற்கள் எந்தத் தீர்ப்பில்தான் இல்லை? அவற்றை இரட்டை மேற்கோள்குறிக்குள் ஒரே தொடராக அடைத்தால் அதே வரிசையில் சேர்ந்து வருகிற இடங்கள் மட்டுமே கிடைக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 'பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்று உண்டு. சாதி சொல்லி இழிவுபடுத்திய வழக்குகளில் பாதி விவாதம் அந்தத் தொடரைச் சுற்றியே நடக்கிறது. அதை அப்படியே மேற்கோளுக்குள் தட்டுவதே முதல் பாடம்.

அடுத்தவை மூன்று இணைப்புச் சொற்கள். 'இதுவும் அதுவும் வேண்டும்' என்பதற்கு ஏ-என்-டி-டி. 'இதுவோ அதுவோ போதும்' என்பதற்கு ஓ-ஆர்-ஆர். 'இது கூடாது' என்பதற்கு என்-ஓ-டி-டி. ஆங்கிலத்தின் சாதாரண இணைப்புச் சொற்களின் கடைசி எழுத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். இல்லையேல் தீர்ப்பின் வாக்கியங்களில் இயல்பாக வரும் சொற்களோடு அவை கலந்துவிடும். எல்லா எழுத்துகளும் பெரிய எழுத்துகளாக இருக்க வேண்டும், இருபுறமும் ஓர் இடைவெளி வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் குறி வேலை செய்யாது. பிழைச் செய்தியும் வராது, தவறான முடிவுகள் அமைதியாக வந்து நிற்கும். தேடத் தொடங்குவோர் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான்.

மூன்றாவது குறியை அளவோடு பயன்படுத்துவது நல்லது. முன்பிணை உத்தரவுகள் வேண்டாம், இறுதித் தீர்ப்புகள் மட்டும் போதும் என்று எண்ணி 'முன்பிணை' என்ற ஆங்கிலத் தொடரை விலக்கினால், வழக்கின் வரலாற்றைச் சொல்லும்போது அந்தத் தொடரை ஒருமுறை உச்சரித்த இறுதித் தீர்ப்பும் சேர்ந்து காணாமற் போகும். முதல் தேடலில் விலக்காதீர்கள். முடிவுகளைப் பார்த்தபின், குவிகிற குப்பை எது என்று தெரிந்தபின் விலக்குங்கள்.

இவை போக, முக்காற்புள்ளியுடன் எழுதப்படும் வடிகட்டிகள் சில உள்ளன. 'டாக்டைப்ஸ்' என்று எழுதி முக்காற்புள்ளி இட்டு 'சென்னை' என்று ஆங்கிலத்தில் தட்டினால் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் மட்டும் வரும். 'சுப்ரீம்கோர்ட்' என்று சேர்த்துத் தட்டினால் உச்ச நீதிமன்றம். 'டைட்டில்' தலைப்புக்குள் மட்டும் தேடும். 'ஃப்ரம்டேட்', 'டுடேட்' இரண்டும் நாள்–மாதம்–ஆண்டு என்ற வரிசையில் கால எல்லை வகுக்கும். 'சார்ட்பை' என்பதோடு 'மோஸ்ட்ரீசன்ட்' என்று சேர்த்தால் புதியவை முதலில் வரும். பழைய தீர்ப்பை மேற்கோள் காட்டி, அது பின்னர் மாற்றப்பட்டுவிட்டது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்லக் கேட்டு அவமானப்படாமல் இருக்க இந்தக் கடைசிக் குறி உதவும்.

மதுரை அமர்வு என்ற பொறி

மதுரைப் பகுதி வழக்குகளைத் தேடுவோருக்குத் தனியாக ஒரு செய்தி. உயர் நீதிமன்ற மதுரை அமர்வு 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்டது. அதன் வழக்கு எண்களில் எம், டி என்ற இரு ஆங்கில எழுத்துகள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். தீர்ப்பின் முகப்பில் 'மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு முன்பாக' என்ற பொருளில் ஆங்கில வரி இருக்கும். அந்த வரியின் ஒரு பகுதியை மேற்கோளுக்குள் வைத்தால் தென் மாவட்டங்களின் தீர்ப்புகளைப் பிரித்தெடுக்கலாம்.

ஆனால் இதை நம்பி மேலவளவைத் தேடினால் கிடைக்காது. மேலவளவு மதுரை மாவட்டம்தான். ஆனால் விசாரணை சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சேலம், சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருவது. மேல்முறையீடு அங்கே சென்று 2006-இல் தண்டனை உறுதியானது. கோகுல்ராஜ் வழக்கு இதற்கு நேர் எதிர். 2015-இல் நாமக்கல் மாவட்டத்தில் நடந்த கொலை அது. வழக்கோ மதுரையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. எனவே மேல்முறையீடு மதுரை அமர்வுக்கு வந்து, 2023 ஜூன் 2 அன்று தீர்ப்பானது. அதன் தலைப்பிலும் கோகுல்ராஜின் பெயரை நீங்கள் காண மாட்டீர்கள். குற்றம் நடந்த ஊரைக் கொண்டு நீதிமன்றத்தைக் கணிக்காமல், விசாரணை நடந்த ஊரைக் கேட்டறிந்து தேடுவதே சரி.

உள்ளூர் வழக்குகளில் ஊர்ப் பெயரைவிடக் காவல் நிலையத்தின் பெயர் கைகொடுக்கும். அரசுத் தரப்பை 'இன்ன காவல் நிலைய ஆய்வாளர் வழியாக மாநிலம்' என்றே தலைப்பில் எழுதுவது வழக்கம். வில்லாபுரத்தில் நடந்த ஒன்றைத் தேடுவோர் 'வில்லாபுரம்' என்பதோடு, அதையொட்டிய அவனியாபுரம், கீரைத்துறை காவல் நிலையங்களின் பெயர்களையும் ஓ-ஆர்-ஆர் கொண்டு இணைத்துத் தேட வேண்டும். வன்கொடுமை வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் விசாரிப்பதால் சில தலைப்புகளில் 'உதவி ஆணையர்' அல்லது 'துணைக் கண்காணிப்பாளர்' என்றும் வரும். மேலவளவுத் தீர்ப்பின் தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது.

ழகரம் படுத்தும் பாடு

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் எழுதுவதுபோல் இன்னொருவர் எழுதுவதில்லை. நீதிமன்றத் தட்டச்சரும் விலக்கல்லர். கீழ்வெண்மணியின் ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்று எழுதுவார், இன்னொருவர் எல் என்று எழுதுவார், மூன்றாமவர் அதை எழுதவே மாட்டார். நெடிலுக்கு இரண்டு ஈ போடுவாரும் உண்டு, ஒற்றை ஐ-யோடு முடித்துக்கொள்வாரும் உண்டு. மேலவளவைச் சேர்த்தும் எழுதுகிறார்கள், 'மேல', 'வளவு' என்று பிரித்தும் எழுதுகிறார்கள். லீலாவதியின் கடைசி எழுத்து ஐ-யா, ஒய்-யா? பத்தாண்டுகள் தேர்தல் நடத்த முடியாமல் கிடந்து, 2006-இல் ஒருவழியாகத் தேர்தல் நடந்த பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றில் ஒற்றை 'டி' எத்தனை, இரட்டை 'டி' எத்தனை என்று எண்ணி மாளாது.

இதற்கு ஒரே வழி, தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுத முடியும் என்று எழுதிப் பார்ப்பது. ழ, ள, ல மூன்றும் இடம் மாறும். த-வுக்கு எச் சேர்ந்தும் சேராமலும் வரும். நெடில் ஒற்றையாகவும் இரட்டையாகவும் வரும். சொல் பிரிந்தும் சேர்ந்தும் வரும். கிடைத்த வடிவங்களை எல்லாம் ஓ-ஆர்-ஆர் இட்டு ஒரே வரியில் கோத்துவிடுங்கள். அருந்ததியர் என்ற பெயருக்கு நான்கு வடிவங்களுக்குக் குறையாமல் எழுத வேண்டியிருக்கும்.

சாதிப் பெயர்களிலும் சமூகப் பெயர்களிலும் இன்னொரு சிக்கல் காலம் சார்ந்தது. 'தலித்' என்ற சொல்லைக் கொண்டு தேடினால் நம் வழக்குகளில் சிறு பங்கே கிடைக்கும். சட்டத்தின் மொழி 'பட்டியல் சாதி' என்பது. அரசு ஆவணங்களில் அந்தச் சொல்லையே கையாள வேண்டும் என்று ஒன்றிய அரசு 2018-இல் அறிவுறுத்தவும் செய்தது. தமிழக அரசின் ஆணைகளில் 'ஆதி திராவிடர்'. விடுதலைக்கு முந்தைய ஆவணங்களில் 'ஒடுக்கப்பட்ட வகுப்பார்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர், 'பஞ்சமர்', பிறகு 'ஹரிஜன்'. 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயரும் கக்கனும் மற்றவர்களும் நுழைந்த நிகழ்வைப் பற்றிய அன்றைய ஆவணங்களை இன்றைய சொற்களால் தேடி எடுக்க முடியாது. 1892-ஆம் ஆண்டு ஆணையின்படி வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கும் இது பொருந்தும்: தீர்ப்புகளில் அவை பஞ்சமி, பஞ்சமா, 'டி.சி. நிலம்', ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட நிலம் என்று பலவாறு எழுதப்படுகின்றன. நாம் உதறிவிட்ட சொற்களை, நம்மை இழிவுபடுத்திய சொற்களையும்கூட, தேடுபெட்டியில் நம் கையாலேயே தட்ட வேண்டியிருக்கிறது. கசப்பான வேலைதான். ஆவணத்தை எழுதியவர் அந்தச் சொல்லால் எழுதினார், எனவே அந்தச் சொல்லால்தான் அது வெளியே வரும். 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் அறிவித்தார். வரவேற்கத்தக்க முடிவு, ஆனால் அதற்கு முந்தைய தீர்ப்புகளில் ஊரின் பெயர் 'காலனி' என்ற ஒட்டோடுதான் நிற்கும். இரண்டு வடிவிலும் தேடுங்கள்.

பிரிவு எண்கள் மாறிய நாள்கள்

பெயர்களைவிட உறுதியான பிடி, சட்டப்பிரிவு எண்தான். அதுவும் நாள் தெரியாமல் பிடித்தால் வழுக்கும்.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டு 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே கீழ்வெண்மணிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பெயரால் தேடுவதில் பொருளில்லை. அதன்பின் வந்த பெரிய மாற்றம், 2015-ஆம் ஆண்டின் திருத்தம். அது 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் இழிவுபடுத்துதல் என்ற குற்றம் அதற்கு முன் 3(1)(எக்ஸ்) என்ற உட்பிரிவில் இருந்தது. ரோமன் எண்ணில் பத்து. எனவே 3(1)(10) என்றும் எழுதுவார் உண்டு. திருத்தத்துக்குப் பின் அதுவே 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என இரண்டாயிற்று: இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதும் மிரட்டுவதும் முன்னது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது பின்னது. பழைய எண்ணைக் கொண்டு மட்டும் தேடுகிறவருக்குப் பத்தாண்டுகளாக இந்தக் குற்றமே நடக்கவில்லை என்று தோன்றிவிடும்.

2024 ஜூலை 1 முதல் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302, பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆயிற்று. அதைவிடப் பெரிய பொறி 482 என்ற எண்ணில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோருவது, 438 என்றால் முன்பிணை. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் முன்பிணைக்கு எண் 482. ரத்து கோருவது 528-க்குப் போய்விட்டது. ஒரே எண், இரு காலங்களில் இரு வேறு மனுக்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு முன்பிணையைத் தடுப்பதால், நமக்கு இந்த வேறுபாடு வெறும் எண் விவகாரம் அன்று. 482-ஐத் தேடுகிறவர் கூடவே கால எல்லைக் குறியையும், அல்லது சட்டத்தின் பெயரையும் ஏ-என்-டி-டி கொண்டு கட்டாயம் சேர்க்க வேண்டும்.

தேடுபொறிகள் பல அடைப்புக்குறிகளைப் பொருட்படுத்துவதில்லை என்பதையும் நினைவிற்கொள்க. 3(1)(எஸ்) என்பதை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் மூன்றும் ஒன்றும் எஸ்-உம் தனித்தனியே சிதறிப்போகும்.

இனி ஒரு நடைமுறைச் சூழலை எடுத்துக்கொள்வோம். வில்லாபுரத்தில் ஒருவரை வீட்டு வாசலில் வைத்துச் சாதி சொல்லித் திட்டியிருக்கிறார்கள். வழக்குப் பதிவாகிறது. எதிரிகள் மதுரை அமர்வுக்குச் சென்று, 'அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடமே அல்ல, வழக்கை ரத்து செய்க' என்கிறார்கள். அவர்கள் கையில் வைத்திருக்கப்போவது பெரும்பாலும் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஹிதேஷ் வர்மா தீர்ப்பு. நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது நடந்தது இக்குற்றம் ஆகாது என்றது அது. ஆனால் அதே தீர்ப்பு, 2008-ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பின் அடிப்படையில் நிற்பது. தனியார் இடமாயினும் வெளியிலிருந்து பிறர் காணவும் கேட்கவும் கூடியதானால் அது பொதுப் பார்வைக்குட்பட்டதே என்பது அங்கே சொல்லப்பட்டது. வாசலுக்கு இது நேராகப் பொருந்தும். இப்போது தேடலை இப்படி அமைக்கலாம்: 'பொதுப் பார்வை' என்ற ஆங்கிலத் தொடர் மேற்கோளுக்குள், ஏ-என்-டி-டி, ஸ்வரண் சிங் பெயர் மேற்கோளுக்குள், பிறகு சென்னை நீதிமன்ற வடிகட்டி, 26-1-2016 முதல் என்ற கால எல்லை, புதியவை முதலில். வருகிறவற்றில் 'வீதி', 'வாசல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து மேலும் சுருக்கலாம். 'ஸ்வரண்' என்பதற்கும் வி-யா, டபிள்யூ-வா என்ற எழுத்துச் சிக்கல் உண்டு என்பதை மறவாதீர்கள்.

ஒரு நல்ல தீர்ப்பு கையில் கிடைத்துவிட்டால், குறிகளைவிட விரைவான வழி ஒன்றும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியன் கானூன் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே அது எவற்றைச் சுட்டுகிறது, எவை அதைச் சுட்டுகின்றன என்று இரு பட்டியல்கள் தரும். இரண்டாவது பட்டியலைத் திறந்து அதற்குள் தேடினால், ஸ்வரண் சிங்கைப் பின்பற்றியவர் யார், விலகிச் சென்றவர் யார் என்பது தெரியும். இரட்டைக் குவளை முறையைக் கண்டித்த 2011-ஆம் ஆண்டின் ஆறுமுகம் சேர்வை தீர்ப்பு, விசாரணை அதிகாரியின் பதவி நிலை பற்றிய விதி 7 குறித்து 2009-இல் வந்த சுன்னிலால் தீர்ப்பு ஆகிய இரண்டையும் இவ்விதம் திறந்து பார்ப்பது பயனுடையது. துணைக் கண்காணிப்பாளருக்குக் கீழ்நிலையில் உள்ளவர் விசாரித்தார் என்ற ஒற்றைக் காரணத்தால் வழக்குகள் எப்படிச் சரிந்தன என்பதைப் பின்னது காட்டும்.

ஒரே ஊரின் பெயரில் வெவ்வேறு அடுக்கு ஆவணங்கள் இருக்கும் என்பதையும் தேடுவோர் உணர வேண்டும். மேலவளவின் பெயரோடு 'முன்கூட்டிய விடுதலை' என்ற ஆங்கிலத் தொடரைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். தண்டனையை உறுதிசெய்த தீர்ப்புகள் பின்னுக்குப் போகும். 2019 நவம்பரில் 13 பேர் விடுவிக்கப்பட்டதையொட்டிய உத்தரவுகள் முன்னுக்கு வரும். லீலாவதி வழக்கில் தண்டனை பெற்றவர்களும் 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டி விடுவிக்கப்பட்டனர். தண்டனைத் தீர்ப்பைப் படித்துவிட்டு வழக்கு முடிந்தது என்று எழுதுகிற செய்தியாளர் பாதிக் கதையோடு நின்றுவிடுகிறார்.

பாலியல் வன்முறை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் பெயர் தீர்ப்பில் இருக்காது, இருக்கவும் கூடாது. அவற்றைப் பிரிவு எண், காவல் நிலையம், ஆண்டு ஆகியவற்றால் மட்டுமே தேட வேண்டும். பழைய தீர்ப்பொன்றில் பெயர் தப்பித்தவறி இருந்தால் அதைப் பகிரும்முன் மறைத்துவிடுங்கள்.

தமிழில் உள்ளவை

அரசாணைகள், ஊராட்சித் தீர்மானங்கள், ஆட்சியர் அலுவலக அறிக்கைகள் தமிழில் உள்ளன. இவற்றை கூகுள் வழியாகத் தேட 'சைட்' என்ற குறியும் 'ஃபைல்டைப்' என்ற குறியும் போதும். முன்னதற்குப் பின் முக்காற்புள்ளியும் இடைவெளியின்றி அரசுத் தளத்தின் முகவரியும், பின்னதற்குப் பின் அதேபோல் 'பிடிஎஃப்' என்பதும். இங்கே விலக்குவதற்குச் சொல்லின் முன் ஒட்டிய கழித்தல் குறி.

ஆனால் எதிர்பார்ப்பை அடக்கிக்கொள்ளுங்கள். பழைய அரசு ஆவணங்கள் பல ஒளிப்பட நகல்கள். எழுத்தே இல்லாத படங்கள். சில வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், இயந்திரத்துக்கோ அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-இல்தான். அதற்கு முந்தைய ஆவணத்தைத் தேடும்போது சொல்லை விட்டுவிட்டு, அரசாணை எண்ணையும் ஆண்டையும் துறையின் ஆங்கிலப் பெயரையும் தட்டிப் பாருங்கள். அவையே படத்துக்கு வெளியே, இணைப்பின் பெயரில் எழுத்தாக இருக்கக்கூடியவை. யூனிகோடில் உள்ளவற்றிலும் வேற்றுமை உருபு தொல்லை தரும். 'தீண்டாமை' வேறு, 'தீண்டாமையை' வேறு, 'தீண்டாமைக்கு' வேறு என்று எண்ணும் தேடுபொறிகள் உண்டு. உருபேற்ற வடிவங்களையும் தனித்தனியே தட்டிப் பாருங்கள்.

தீர்ப்பே வராத வழக்கு

இவ்வளவும் உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளுக்கு. நம் வழக்குகளில் பெரும்பாலானவை அவ்வளவு தூரம் போவதில்லை; சிறப்பு நீதிமன்றத்திலேயே வாய்தா மேல் வாய்தாவாகக் கிடக்கின்றன, அல்லது விடுதலையில் முடிந்து மேல்முறையீடு இன்றி அடங்கிவிடுகின்றன. அவற்றுக்கு இ-கோர்ட்ஸ் தளம் ஒன்றே வழி. அங்கே தொடர் தேடலும் இல்லை, இரட்டை எழுத்துக் குறிகளும் இல்லை. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தெரிவுசெய்தபின், தரப்பினர் பெயர், வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், சட்டம் என்று தனித்தனிக் கதவுகள் உள்ளன. தரப்பினர் பெயர் என்ற கதவில் மீண்டும் அதே எழுத்துச் சிக்கல். பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் தட்டுவது நல்லது. சட்டம் என்ற கதவில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தெரிவுசெய்து 'நிலுவை' என்பதை அழுத்தினால், மதுரைச் சிறப்பு நீதிமன்றத்தில் இன்று காத்திருப்பவை எவை என்ற பட்டியல் கிடைக்கும். இப்படி ஒரு பட்டியல் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது என்பதே நம் அமைப்புகள் பலவற்றுக்கு இன்னும் தெரியாது.

மிகவும் உறுதியான கதவு முதல் தகவல் அறிக்கை எண்தான். காவல் நிலையம், எண், ஆண்டு மூன்றும் இருந்தால் பெயரை எந்த எழுத்தில் எழுதியிருந்தாலும் வழக்கு அகப்படும். அதனுடன் 16 இலக்க சி-என்-ஆர் எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் அதன்பின் தேடலே தேவையில்லை. அடுத்த வாய்தா எப்போது, எந்தச் சாட்சி வரவில்லை, எந்த நாளில் நீதிபதி விடுப்பு என்பது வரை கைப்பேசியிலேயே பார்க்கலாம். புகாரைப் பதிவு செய்தவுடன் அதன் நகலைப் புகார்தாரருக்கு உடனே தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4(2) பிரிவு அதிகாரிக்குக் கட்டளையிடுகிறது. அந்த நகலின் முதல் பக்கத்தில், மேல் வரிகளிலேயே, காவல் நிலையத்தின் பெயரும் எண்ணும் ஆண்டும் இருக்கும். நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அதைக் கேட்டு வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்து, இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.